எழுபத்தைந்து ரூபாய் உயரம்

திங்கள் காலை ஐந்தரை. அரவேனு பேக்கரி வாசலில்
ஸ்வெட்டருக்குள் கழுத்தைச் செருகி நிற்பார் பெள்ளிராஜ்.
ஏறியதும் ஒரு இருநூறு ரூபாய்த் தாளை
கியர் தண்டுக்குப் பக்கத்துக் குழியில் வைப்பார்.
நான் எடுக்கமாட்டேன்.
குஞ்சப்பனை தாண்டும்வரை
அது வளைவுக்கு வளைவு புரண்டுகொண்டிருக்கும்.

இருநூற்று எழுபத்தைந்து தரவேண்டும்.

இறங்கும்போது பெட்ரோலே எரியலையே என்பார்.
உண்மைதான். இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டால்
இன்ஜெக்டர் வாயை மூடிக்கொள்ளும்.
மைலேஜ் காட்டும் சின்னத் திரை
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பதில் முட்டி நிற்கும்,
அதற்குமேல் எண்ண அதற்குத் தெரியாது.
நியூட்ரலில் போட்டால் இன்னும் மிச்சமாகுமே?
ஆகாது சார். அப்போதுதான் எரியும். பிரேக்கும் சேர்ந்து எரியும்.
அவருக்கு நம்பிக்கையில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுவார்.
அன்னூர், அவினாசி, பிறகு நாலுவழிச் சாலை.
எண்பதில் ஊன்றி, கண்ணாடி ஏற்றி, ஏசி ஒன்றில்
இருபத்திரண்டு கொடுக்கும். நூறைத் தொட்டால் பதினெட்டு.
பனியன் மூட்டை ஏற்றிய கண்டெய்னர் முன்னால் போனால்
அதன் முதுகில் ஒளிந்துகொள்ளச் சொல்லும் மனசு.
ஒளிந்ததில்லை.
ஒரே ஒருமுறை, செங்கப்பள்ளி வரை. இருபத்தாறு.
ஷோரூம் பையன் சொன்ன இருபத்துநாலரை
எந்த ஊர்ச் சாலையில் ஓடியதோ,
அங்கே எதிர்காற்று இல்லை, வேகத்தடை இல்லை,
டிக்கியில் ஒரு வாரத்துத் துணியும் இல்லை.

அவர் மஞ்சள் கிடங்கில் கணக்கெழுதுகிறவர்.
நான் சாயக் கழிவுநீரைக் குடுவையில் பிடித்து
உப்பு அளக்கிறவள்.
இரண்டு பேருக்கும் புள்ளிக்குப் பின்னால் வருவது முக்கியம்.
இறங்க இருபத்தெட்டு, ஏறப் பதினாறு,
கூட்டி இரண்டால் வகுத்தால் இருபத்திரண்டு என்றார்.
இல்லை சார்.
போக வர இருநூற்று இருபத்திரண்டு கிலோமீட்டர்,
பெட்ரோல் பத்தே முக்கால் லிட்டரும் சொச்சமும்.
இருபதரைதான் வருகிறது.
அந்த ஒன்றரை எங்கே போச்சு என்று
விஜயமங்கலம் சுங்கச்சாவடி வரை யோசித்தார்.

நீங்கள் இறங்கும் உயரம்
வெள்ளிக்கிழமை ராத்திரி நான் காசு கொடுத்து வாங்கியது.
ஆயிரத்து நானூறு மீட்டர், தனியாக,
முனகும் வண்டியில்,
டேங்குக் கட்டைகளில் ஒன்று அணைவதைப் பார்த்துக்கொண்டு.
இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.
சொன்னால் வட்டிக்காரி மாதிரி இருக்கும்.

ஐப்பசியில், பர்லியாரில் மண் சரிந்த வாரம்,
பஸ் நிச்சயமில்லை என்று
வெள்ளிக்கிழமையே என்னோடு ஏறிக்கொண்டார்.
ஏற்றம் தொடங்கியதும் திரை ஒன்பது என்றது.
ஏழு. வளைவில் நாலு.
பேசாமல் கைநீட்டி ஏசியை அணைத்தார்.
முல்லூருக்கு முன்னால் ஒரு உர லாரி ஊர்ந்தது,
நின்று நின்று முதல் கியரிலேயே போனோம்.
சீட்டில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்,
தன் எடையைத் தானே தூக்குகிறவர் மாதிரி.

அரவேனுவில் இறங்கிக் கதவைப் பிடித்தபடி,
"இங்கேருந்து கோத்தகிரிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.
அந்த ஏத்தம் என் கணக்குல வராது" என்றார்.

வராதுதான். நான் யோசிக்கவேயில்லை.
மிச்ச ஆறும் வகுத்துக்கொண்டே போனேன்.

அடுத்த திங்கள் குழியில் இருநூற்றைம்பது.
பின்சீட்டில் ஒரு சாக்குக் கேரட்.
எத்தனை கிலோ என்றேன்.
எறக்கம்தானே என்றார்.
அணைத்திருந்த வண்டியைக் கிளப்பினேன்.
முதல் கொஞ்ச தூரத்துக்குத் திரையில் எண் வராது,
இரண்டு கோடு மட்டும்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.