சிவப்புக் கட்டம்

வெள்ளிக்குள் முடிக்க வேண்டும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
ஜன்னலுக்கு வெளியே டுலூத் ஏரி
பாதி உறைந்து, மீதி யோசித்துக்கொண்டு.

விதி எளிதுதான் என்றார் கிரெட்சன்:
ஆறு கிரெடிட்டுக்குக் குறைந்தால் சிவப்பு.
வாரம் இருபது மணி நேரத்தைத் தாண்டினால் சிவப்பு.
காரணம் எழுதக் கட்டம் இல்லை.

மை ஷோங், உணவுக்கூடம், பாத்திரப் பகுதி:
இருபது மணி நேரம், பதினைந்து நிமிடம்.
அந்தப் பதினைந்தில்
அடைத்துக்கொண்ட தொட்டியில்
கைவிட்டுத் துழாவியிருப்பாள்.
சிவப்பு.

எல்லிங் புரோஸ்டட், சறுக்கு அரங்கம்:
நாலு கிரெடிட்.
இரவெல்லாம் பனித்தரையை இழைத்துவிட்டு
காலை எட்டு மணி இயற்பியலில் தூங்குகிறவனுக்கு
வேறென்ன மிஞ்சும்?
சிவப்பு.

வேலை போனால் கட்டணம் நிற்கும்
கட்டணம் நின்றால் பாடம் நிற்கும்
பாடம் நின்றால்
எழுந்துபோய்க் காபி ஊற்றிக்கொண்டேன்.

கடைசிப் பக்கம்.
சோல்பெர்க், ரென்னா. வேலைவாய்ப்பு அலுவலகம்.
ஐந்து கிரெடிட்.
கரிம வேதியியலைப் போன வாரம்தான் விட்டேன்,
இந்தப் பட்டியலுக்கு
மாலைகள் தேவைப்பட்டன.

கோட்டை மாட்டியபடி கிரெட்சன் கேட்டார்:
"இன்னும் எத்தனை?"
"ஒன்று."
"கெட்டிக்காரி. கோடைப் பட்டியலும் உனக்குத்தான்."

கதவு சாத்தியதும்
என் கட்டத்தை நிரப்பினேன்.
பிறகு மேலே ஏறி
மை ஷோங்கின் பதினைந்து நிமிடத்தை அழித்தேன்.
அந்தக் கூலி அவளுக்கு வராது.
மன்னிப்புக் கேட்கவும் கட்டம் இல்லை.
இருபது.
வெள்ளை.