அங்க அடையாளம்

காட்பாடி ரயில்வே போலீஸ் நிலையத்தில்
பதினோரு வருடமாக நான் ரைட்டர்.
காணாமல் போனவர்களை எழுதுவதே முக்கால் வேலை.
இடது புருவத்தில் தழும்பு,
முழங்கைக்குக் கீழே மச்சம்,
கடைசியாக உடுத்தியிருந்தது ஊதாச் சுடிதார்,
சற்றே காது மந்தம்.
ஒரு ஆளை நாலு வரியில் அடக்கிவிடலாம்.
அடங்காத மிச்சம்
எதிர் பெஞ்சில் அழுதுகொண்டிருக்கும்.

நேற்றிரவு இரண்டே முக்காலுக்கு
நின்ற வண்டியின் கீழ்ப் படுக்கைக்கடியில்
யாருக்கும் சொந்தமில்லாத பை ஒன்று
தானாக நகர்ந்தது.
வெடிகுண்டென்று கூவி
டீ வாளியைப் போட்டுவிட்டு ஓடினார் கன்னியப்பன்.
உள்ளே
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறைகள்,
ஒவ்வொன்றும் முடிச்சிட்டு,
ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திர ஆமை.

மகஜரில் ஒரு கட்டம்: பொருளின் விவரம்.
"ஆமை, நாற்பத்து மூன்று, எல்லாம் ஒரே மாதிரி,
போட்டுடும்மா" என்றார் எஸ்.ஐ.
பேனா 'ஒரே'யில் நின்றது.

லத்தேரி இரட்டையர் தொலைந்தபோது
அப்பாவும் இதையேதான் சொன்னார்.
இல்லைங்க, சின்னவன் நகம் கடிப்பான் என்றாள் அம்மா.
நகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

மேஜை விளக்கை இழுத்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
ஒன்றின் உச்சியில் எட்டுக் கதிர், ஒன்றுக்கு ஒன்பது.
ஒன்றின் மஞ்சள் புதுக் கயிறு போல,
இன்னொன்றில் சலவைக்குப் போய்வந்த மஞ்சள்.
ஒரு பொடிசு என்னைப் பார்த்துச் சீறியது,
குக்கரின் முதல் மூச்சளவு.
வனக்காவலர் தணிகாசலத்துக்கு போன் போட்டேன்:
ஓட்டைத் தொட்டால் அதற்குத் தெரியுமா?
"தெரியும் மேடம். அது போட்டுக்கிட்ட சட்டையா என்ன,
விலா எலும்பாச்சே."

கடைசியாக உடுத்தியிருந்தது என்ற இடத்தில்
கோடு போட்டேன்.

ஜீப் வர விடியும் என்றார்.
தூக்கம் வரவில்லை. செல்போனில் தேடித் தேடி
பழைய படிவங்களின் முதுகில் எழுதத் தொடங்கினேன்.

வாக்கீட்டா. மெக்சிகோக் கடல்.
கண்ணைச் சுற்றி மை, உதட்டிலும் மை,
கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் போல.
யாருக்கோ விரித்த வலையில் இவள்.
மீதியை எண்ண விரல்கள் போதும்.

காகாப்போ. நியூசிலாந்து.
பறக்கத் தெரியாத பச்சைக் கிளி, ராத்திரியில் நடக்கும்.
உடம்பில் தேன் வாசம்.
அந்த வாசம்தான் காட்டிக்கொடுத்தது.

அழுங்கு. நம் ஜவ்வாது மலையிலும் உண்டு.
பல் கிடையாது. பயந்தால் பந்தாகச் சுருளும்.
புலியிடம் அது செல்லும்.
கோணிப்பைக்காரனுக்கோ தூக்க வசதி.

வடக்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம். கென்யா.
உதடு அகலம், புல்லை வழித்து மேயும்.
ஒரு தாய், ஒரு மகள். அவ்வளவுதான்.
உறவினர் என்ற இடத்தில்
ஒருத்தி பெயரை மற்றவளுக்கு எழுதினேன்.

எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள்:
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
இல்லாததைச் சொல்லியே அடையாளம் காட்டப்படும் ஊர்.
ஆனால் நான் பிறந்த வருடம்
சத்துவாச்சாரியிலிருந்து திரும்பி வந்துவிட்டார் சாமி.
கேலி செய்கிறவர்கள் இன்னும்
பட்டியலைத் திருத்தவில்லை.

ஐந்தரைக்கு வந்த தணிகாசலம் எண்ணினார்.
நாற்பத்து இரண்டு.
மறுபடி எண்ணினார். அதேதான்.
"நீங்க தப்பா எழுதியிருப்பீங்க மேடம்."
எழுதவில்லை. எனக்குத் தெரியும் எது என்று.

புதுப் படிவம் எடுத்தேன்.
காணவில்லை.
உள்ளங்கை அளவு. உச்சியில் ஒன்பது கதிர்,
அதில் ஒன்று பாதியில் முறிந்தது.
இடது பின் ஓரத்தில் சிறு உடைசல்.
தொட்டால் தெரியும்.
கோபம் உண்டு.

வெளியே ஜீப் ஹாரன் அடிக்கிறது.
முடித்துவைத்த கோப்புகள் அடுக்கிய
பீரோவுக்கடியில்
சிமெண்டை ஏதோ பிறாண்டுகிறது.

'கிடைத்தது' என்று எழுத
சிவப்பு மைப் பேனா வேண்டும்.
எந்த டிராயரில் வைத்தேன்?
ரொம்ப நாளாயிற்று அதை எடுத்து.