ஏழு கிணற்றுக் கணக்கு

ஐந்து லட்சம் போட்டிருந்தேன்,
இரண்டாயிரத்துப் பத்தொன்பதில்,
திருகோணமலை பெரியகடை வங்கியில்,
மூன்று வருடத்துக்கு.
ஒரு சதமும் குறையாமல், வட்டியோடு தந்தார்கள்.
அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.
யாரும் என்னை ஏமாற்றவில்லை.

நாற்பது குதிரைவலு எஞ்சின் ஒன்று
நான் காசு போட்ட அன்று ஐந்தரை லட்சம்.
அந்த அரையை வட்டி நிரப்பும் என்பது கணக்கு.
காசு கைக்கு வந்த அன்று
கடைக்காரர் பியதிலக விலையே சொல்லவில்லை.
"சாமான் இருந்தால்தானே அக்கா, விலை?" என்றார்.
சாமான் வந்ததும் சொன்னார்:
பதினான்கு.

கொட்பேயில், ஐஸ் ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
உருகுவது எனக்குப் புதிதல்ல.
நூறு கட்டி ஏற்றினால்
புல்மோட்டை போய்ச் சேர எண்பத்தெட்டு.
அந்தப் பன்னிரண்டுக்குப் பதிவேட்டில்
தனி நிரலே இருக்கிறது.
ரூபாய்க்கும் அப்படியொரு நிரலை
ஏன் கீறவில்லை என்று
என்னை நானே கேட்டது
மண்ணெண்ணெய் வரிசையில்,
நூற்றி நாற்பதாவது கானுக்குப் பின்னால்
நின்றபோதுதான்.

குடாவுக்கு அந்தப் பக்கம், சீனன்குடாக் காட்டுக்குள்,
வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க்குதங்கள்.
கொடி படர்ந்து, துருப்பிடித்து,
பல வெறும் வயிற்றோடு.
ஒரு சாம்ராஜ்யம் நீண்டகால முதலீடென்று போட்டவை.
குதம் இருக்கிறது.
சாம்ராஜ்யம்தான் முதிர்வுத் தேதிக்கு முன்பே
எழும்பிப் போய்விட்டது.
பக்கத்தில் நின்ற நசுறுதீன் நானா
வெறும் கானைத் தட்டிக்காட்டிச் சிரித்தார்.
இரண்டும் ஒரே சத்தம்தான் என்றார்.

வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் இருக்க
வெளியார் கடனை இப்போதைக்குக் கட்டமாட்டோம்
என்று அரசாங்கம் அறிவித்தது.
அந்த வருடக் கைவிசேடம்
ஆலை முதலாளி தந்த ஆயிரம் ரூபாய்த் தாள்,
மடிப்புக் கலையாதது, மை மணக்கிறது.
எரிவாயு இல்லை, பால்மா இல்லை,
பள்ளிக்கூடச் சோதனைக்குக் கடதாசியும் இல்லை.
தாளடிக்கிற கடதாசிக்கு மட்டும்
ஒரு குறையும் இல்லை.

கன்னியாவில் ஏழு கிணறு.
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு என்பார்கள்.
ஒன்று சுட்டால் மற்றதில் அள்ளிக் குளிக்கலாம்.
நானும் அப்படித்தான் பிரித்து வைத்தேன்:
வங்கியில் கொஞ்சம், சேமலாப நிதியில் கொஞ்சம்,
சுகந்தமலரின் சீட்டில், காப்புறுதியில்,
நானாவின் வள்ளத்துக்குக் கைமாற்றாக,
தபாற்கந்தோர் புத்தகத்தில்,
அரிசிப் பானைக்குள்.
பிரித்து வைத்தவள் கெட்டிக்காரி என்று நினைத்தேன்.
ஏழுக்கும் அடியில் ஒரே நெருப்பு.
ஏழும் ரூபாய்.

சரி, வேறெதில் போட்டிருக்கலாம்?
காணி எரியாது என்றார்கள். தொண்ணூறில் உறுதி எரிந்தது.
எங்கள் வளவை இன்னும்
கந்தோர் கந்தோராய்த் தேடுகிறோம்.
தங்கம் கெடாது என்றார்கள்.
கெடவில்லை.
சுகந்தமலரின் அலுமாரியோடு
கடலுக்குள் எங்கோ
இப்போதும் பத்தரைமாற்றாகத்தான் இருக்கும்.
டொலர் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்,
அவர்கள் எப்போதும் தப்புகிறவர்கள்,
அது பாடமல்ல, பிறப்பு.

இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.
மாதம் முடிய, கையிலுள்ளதை
ரூபாயில் எழுதுவதில்லை.
எத்தனை எஞ்சின் என்று எழுதுகிறேன்.
போன மாதம்: பாதி எஞ்சின்,
கொஞ்சம் உதிரிப்பாகம்.
சிரிப்பு வருகிறது. ஆனால் பொய்யில்லை.

இன்று மறுபடி வங்கிக்குப் போனேன்.
போகாமல் என்ன செய்வது?
கருமபீடத்துப் பிள்ளை கேட்டாள்:
"ஐந்து வருடத்துக்குப் போடுவோமா அன்ரி?
வட்டி கூட."
கையெழுத்துப் போடப் பேனாவைத் தூக்கினேன்.
பத்து ரூபாய்ப் பேனா;
மேசையோடு நூலால் கட்டியிருந்தார்கள்.
நூலைப் பார்த்தேன்.
மூன்று மாதம், என்றேன்.