ஆறாவது

ஐடஹோவில் பிப்ரவரி.
கராஜில் ஹீட்டர் இருமுகிறது.
போன வாரம் சுட்ட இடத்தில்
எரியாத மருந்து
பனிமேல் கடுகு சிந்தியதுபோல் கிடந்தது.
"வேகமான மருந்துக்கு மாறேன்" என்றான் டெல்மர்.
மார்லிஸ் மாறவில்லை.
நின்று எரிகிற மருந்து இது.
முட்டி எரிய அதற்கொரு பிடிமானம் வேண்டும்,
அவ்வளவுதான்.

அச்சைக் கால் திருகு இறக்கினாள்.
பித்தளையின் வாய் மடிந்து
ஈயக் குண்டின் பள்ளத்தைக் கவ்வியது.
இன்னும் கால் திருகு.
குப்பியின் இடுப்பு பிதுங்கிவிட்டது.
அதைக் காபி டப்பாவில் எறிந்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

வெளியே போய் ஐந்தைச் சுட்டாள்.
ஆறாவதைச் சுடாமல் உருவி
காலிப்பரின் தாடைக்குள் வைத்தாள்.

அதை யாரும் தொடவில்லை.
பக்கத்து அறைகள் அதிர்ந்த அதிர்ச்சிக்கே
மயிரிழை மயிரிழையாய்க் குண்டு முன்னால் நழுவி
உருளையைப் பூட்டிவிட்டது, போன அக்டோபரில்.
எதிரே கரடி.
அது முகர்ந்து பார்த்துவிட்டு
தன் பாட்டுக்குப் போயிற்று.

இன்று அளவு மாறவில்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை அளந்தாள்.

அப்புறம்தான் டெல்மரிடம் சொன்னாள்:
மர மில்லில் என் ஷிஃப்ட் முழுக்க
வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்,
என்னைத் தவிர.