கண்ணாடியில் ஒரு மேகம்

பாபெல்ஸ்பர்க் கூடத்தில் கப்பல் கட்டினோம்.
சுவரெல்லாம் முட்டை அட்டை, மேலே வெள்ளிப் பூச்சு.
விசைகளுக்குப் பற்பசை மூடி,
வீடு வீடாய்க் கேட்டு வாங்கியவை
நானூற்றுப் பன்னிரண்டு.

கதைப்படி ஆண்டு இரண்டாயிரத்து நாற்பது.
பணம் இல்லை. படை இல்லை.
ஆறு தேசத்து ஆறு பேருக்கு ஒரே மேசை.
கினியிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்க வந்த தியெர்னோ
தலைமைப் பொறியாளர்.
"இந்த உடுப்பில்தான் யாரும் என்னிடம்
அடையாள அட்டை கேட்பதில்லை" என்பான்.
கழற்றியதும்
வாசலில் கேட்டார்கள்.

எனக்குக் கண்ணாடி வேலை.
கப்பல் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பூமியை
இரண்டு மீட்டர் கண்ணாடியில் வரைய வேண்டும்.
கடல் சுலபம்.
நிலம்தான் ஒன்பது நாள் பிடித்தது.

அமைச்சகத்திலிருந்து தோழர் ஹென்ட்ஷெல் வந்தார்.
"கப்பலில் கட்சிச் செயலாளர் எங்கே?"
"அந்தக் காலத்தில் எல்லோருமே செயலாளர்தான், தோழரே"
என்றார் இயக்குநர்.
ஹென்ட்ஷெல் தொப்பியை எடுத்தார்,
உள்ளே பார்த்தார்,
மறுபடி வைத்துக்கொண்டார்.

பிறகு என் பூமிக்கு முன்னால் நின்றார்.
"நம் எல்லையைக் காணோமே."
"இவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது."
"தெரியாவிட்டால், அழித்துவிட்டோம் என்பார்கள்.
தெரிந்தால், நாற்பதிலுமா இருக்கிறது என்பார்கள்."
இருதலைக் கொள்ளி எறும்பாய்
அந்த மனிதர் தவித்ததைப் பார்க்க
எனக்கே பாவமாக இருந்தது.
கடைசியில் மெல்லச் சொன்னார்:
"அந்த இடத்தில்
ஒரு மேகம் போட்டுவிடுங்களேன்."

போட்டேன்.
பஞ்சு தோய்த்து ஒற்றி ஒற்றி
எல்பே ஆற்றிலிருந்து ஓடர் வரை.
அதைவிட நல்ல மேகம்
அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

படத்தில் அது பதினோரு நொடி.
மாக்டெபுர்க் திரையரங்கில், எனக்குப் பின்வரிசையில்
ஒரு சின்னப் பையன் கேட்டான்:
"அம்மா, நம்ம ஊரில் மட்டும் ஏன் மழை?"
அவள் அவன் வாயில்
ஒரு மிட்டாயைத் திணித்தாள்.

சிரிக்காதீர்கள்,
நான் அந்த ஆண்டை நம்பினேன்.
அப்போது எனக்குத் தொண்ணூற்றிரண்டு வயதாகும் என்று
வண்ணக் கிண்ணத்தின் ஓரத்தில்
கூட்டிக் கழித்தும் பார்த்தேன்.

இரவுப் படப்பிடிப்பில் இன்னொன்று நடக்கும்.
கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டைகள்.
ஏரிக்கரை எல்லைக் காவலின் விளக்கு
அவற்றின் வழியே கசிந்து
எங்கள் கறுப்புத் துணி வானத்தில்
புள்ளி புள்ளியாய் விழும்.
அடைக்க ஏணி கொண்டுவந்தார்கள்.
ஒளிப்பதிவாளர் ரைமுண்ட் விடவில்லை.
"இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.
"இத்தனை விண்மீன்,
மின்கட்டணம் நம் கணக்கில் இல்லை."