குறிப்புகளுக்கான கட்டம்

ராதாபுரத்துக்குத் தெற்கே
நாற்பத்திரண்டு காற்றாலைகளுக்கு
இன்றிரவு நான் ஒருத்திதான் கணக்கு.
மணிக்கொரு தரம் பதிவேட்டில் எழுத வேண்டும்:
காற்றின் வேகம், திசை, யூனிட்,
நின்றுபோன இயந்திரத்தின் எண்.
கடைசிக் கட்டம் ‘குறிப்புகள்’.
மூன்று வருஷமாக அதில் நான் எழுதியது
‘ஒன்றுமில்லை’.

ஏழரைக்கு ஞானதுரை வந்தான்.
தலைக்கவசத்துக்குள் ஒரு பழைய கையுறை,
கையுறைக்குள் முயல் குட்டி.
பதினேழாம் நம்பர் கோபுரத்தடியில்
உடைமுள் வெட்டும்போது கிடந்ததாம்.
“தாயக் காணலக்கா.
எறும்பு கண்ணு வரைக்கும் வந்துட்டு, பாத்துக்கிடுங்க.”
கதவு வரை போனவன் திரும்பி,
“பொழைக்காது. ரொம்ப மெனக்கெடாதீங்க” என்றான்.
தோளில் கிடந்த துண்டை
விட்டுவிட்டுப் போனான்.

வள்ளியூர் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கும்
டெய்சிக்குப் போன் போட்டேன்.
“சில்லுன்னு இருக்கா?
அப்ப பால் குடுக்காத, செத்துரும்.
மொதல்ல சூடு. அதுக்கப்புறந்தான் பசி.”
அவள் வீட்டில் குக்கர் விசிலடித்தது.
அடுத்த விசிலுக்குள் இன்னொன்றும் சொன்னாள்:
ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவணுமாம்,
தாய் நக்குகிற மாதிரி.
இல்லாவிட்டால் அதற்கு
மூத்திரம் பெய்யத் தெரியாதாம்.
எனக்கு முப்பத்தாறு வயது.
இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

யுபிஎஸ் பெட்டியின் தலை எப்போதும் கதகதப்பு.
தூக்குச்சட்டியை இறக்கிவிட்டு
இதை ஏற்றிவைத்தேன்.
போல்ட்டு நிறுக்கும் தராசில்
எண்பத்தாறு கிராம்.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்;
இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து
தகரக் கூரையைப் பிடுங்கப் பார்க்கும் அதே காற்று
இதன் விலாவுக்குள்
நூல் கனத்தில் போகிறது,
யோசித்து வெளியே வருகிறது.

பத்து மணி. பதினாறு மீட்டர். மேற்கு.
குறிப்புகள்: இன்னும் சூடேறவில்லை.
எழுதிய பிறகுதான் பார்த்தேன்,
பேனாவால் எழுதியிருக்கிறேன்.

பதினொன்று. ஆறாம் நம்பர் நின்றுவிட்டது.
குறிப்புகள்: காது சூடு. உப்பு சர்க்கரைத் தண்ணீர்
அரை மில்லி. பாதி மூக்கு வழியே வந்துவிட்டது.

ஒன்று. பச்சைக் கழிச்சல்.
துடைத்துத் திருப்பும்போது
தலை நிற்கவில்லை.

இரண்டு மணிக்குக் கதவு தட்டல்.
கிடைக்காரர் உச்சிமாகாளி,
கையில் தூக்கு, அதில் ஆட்டுப்பால்.
ஞானதுரை கிடைக்கே போய்ச் சொன்னானாம்.
“முசலுக்கா? நான் கைப்பிள்ளைக்குன்னுல்லா நெனச்சேன்”
என்று சிரித்துக்கொண்டே குனிந்தவர்
நிமிர நேரமானது.
“நேத்து எங்க நாய் ஒண்ணக் கவ்விக்கிட்டு வந்துது.
மடி கனத்துக் கெடந்துது.”
சுவரைப் பார்த்தபடி சொன்னார்:
“கறி ஆக்கிட்டோம்மா.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஃபில்லரில் பால் ஏற்றினேன்.
அவர் போகவில்லை, டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.
வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.
ஒரு சொட்டு.
நாக்கு தெரிந்தது, உளுந்தம் பருப்பளவு.
இன்னொரு சொட்டு.
அதற்கு யாருடைய பால் என்று கேள்வியில்லை.

நான்கு மணி.
பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து
தடவினேன். தடவினேன்.
கை மரத்துப்போய்
விட்டுவிடலாம் என்று நினைத்த நேரம்
என் மணிக்கட்டில் வெதுவெதுப்பாய்
ஏதோ இறங்கியது.
உச்சிமாகாளி தலைத்துண்டை அவிழ்த்து
முகம் துடைத்துக்கொண்டார்.

விடிந்ததும் இன்ஜினியர் வந்தார்.
கடைசி வரியில் மட்டும் விரலை வைத்து,
“ராத்திரி மழையா?
மழைமானியில ஒண்ணும் இல்லையே” என்றார்.
குறிப்புகள்: பெய்தது
என்று எழுதியிருந்தேன்.

“கொஞ்சம்தான் சார்” என்றேன்.
துண்டுக்குள் அது
மூச்சை விட்டது.
அடுத்ததற்குக் காத்திருந்தேன்.