வீதிக் கோடு

ஆறு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு.
கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை,
ரயில் போனால் அலுமாரிக்குள்
கிண்ணங்கள் ஒன்றோடொன்று பேசும் வீடு.
"எல்லாம் கிளியர் அக்கா" என்றான் ஃபாயிஸ்.
தரகர் வாயில் அந்தச் சொல்
வெற்றிலை மாதிரி, எப்போதும் கிடக்கும்.

உறுதி சுத்தம்தான்.
ஈடு இல்லை, வில்லங்கம் இல்லை,
நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

அமிர்தராசாவுக்கு முன்னறை பிடித்துவிட்டது.
வெளிச்சம் வடக்கிலிருந்து விழுகிறது,
பல்லின் நிறம் பார்க்க அதுதான் தோது.
கட்டுப்பல் செய்கிற மனிதன்;
முப்பது வருடமாய்
இன்னொருவர் கடையின் பின்னறையில் இருந்தபடி
கொழும்பின் வாய்களை நிரப்பியவன்.
"மோட்டரை இங்கே வைக்கலாம்" என்றான்,
பெர்டினண்டின் மீன்தொட்டியைக் காட்டி.

முற்பணத்துக்கு வெள்ளிக்கிழமை என்று பேச்சு.
நான் வியாழக்கிழமை லீவு போட்டேன்.

லிப்டன் சுற்றுவட்டத்தில் இறங்கி
மாநகர சபைக்கு நடந்தேன்.
இலக்கம் நாற்பத்தொன்று.
மின்விசிறிக்குப் பயந்த கோப்புகளின் மேல்
ஆளுக்கொரு கல்.
கவுண்டரில் சுனேத்ரா மிஸ்
என் சிங்களத்தைப் பொறுத்துக்கொண்டு
படிவத்தை என் பக்கம் திருப்பி
தமிழ் வரியில் நகத்தை வைத்தார்:
ஆதனம் அமைந்துள்ள வலயம்.

வலயம்.
வயாவிளானில் அப்பாவின் வீட்டுக்கு
இது ஒரு நாள் வந்தது,
உயர் பாதுகாப்பு என்று முன்னால் ஒரு பட்டத்தோடு.
படிவம் இல்லை. இலக்கம் இல்லை. கட்டணமும் இல்லை.
இருபத்தாறு வருடம் குடியிருந்துவிட்டு
கிணற்றை மட்டும் திருப்பித் தந்தது.

பேனை நின்றதைக் கண்டு
"விடுங்க, நான் எழுதுறேன்" என்றார் மிஸ்.
வதிவிட வலயம்.
என்ன பாவனை? பல். பல்லா? பல் செய்வது.
புகை? இல்லை. சத்தம்? கொஞ்சம். தூசி?
அமிர்தராசாவின் சேர்ட் கொலரை நினைத்தேன்.
"கொஞ்சம்."
அதற்கு வேறு அனுமதி,
வேறு வரிசை,
மேல் மாடி.

வெள்ளிக்கிழமை தள்ளிப்போனதில்
ஃபாயிஸ் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.
செவ்வாயன்று கைக்கு வந்தது வரைபடம்.
எங்கள் வீடாகப் போகிற சதுரத்தின் ஊடே
சிவப்பு மையில் ஒரு கோடு,
கை நடுங்காமல் போட்டது.
ஒழுங்கை ஒரு நாள் அகலுமாம்.
எப்போது என்று கேட்டேன்.
சுனேத்ரா மிஸ் கூரையைப் பார்த்தார்.

மாலை பெர்டினண்ட் வீட்டில்
அளவு நாடாவை மதிலிலிருந்து இழுத்தோம்.
கோடு முன்னறைக்குள் நுழைந்து,
கதிரையின் இரண்டு காலை வீதியில் விட்டுவிட்டு,
மீன்தொட்டியை நடுவால் பிளந்தது.
"அது வராது பிள்ளை" என்றார் பெர்டினண்ட்,
"என்ட தலை கறுப்பாயிருந்த காலம் தொட்டு
வருகுது வருகுது என்றுதான் சொல்றாங்கள்."

நாற்பது வருடம் தெரிந்துகொண்டே
மீனுக்கு இரை போட்டிருக்கிறார்.
தங்கமீன் ஒன்று வீதிக்குப் போய்
வீட்டுக்குத் திரும்பி
மறுபடி வீதிக்குப் போனது.

அமிர்தராசா பேசவில்லை.
கோட்டுக்கு அப்பால் நின்றவன்
ஓரடி இப்பால் வைத்து
சுவரை விரலால் தட்டிப் பார்த்தான்,
ஆடுகிற பல்லைத் தட்டுகிற மாதிரி.

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் புதினம்.
கேட்டதற்குப் பதில் சொன்ன முதல் கோடு இது.
ரசீதும் தந்தது;
கைப்பையில் மடித்து வைத்திருக்கிறேன்,
என்னத்துக்கென்று தெரியாமல்.

இரவு ஃபாயிஸ் போன் எடுத்தான்.
"தம்பி" என்றேன்,
"வீதிக்குப் போறது போக
மிச்ச வீடு என்ன விலை?"